ஊட்டியிலிருந்து கடலடிக்கு: வாசகர் கேள்வி - பதில்

தீவுப் பயணம் பற்றி இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அந்தமானைப் பற்றியவை, மீதி இலங்கை. எழுதியவர்கள் அத்தனை பேரும் நீலகிரி, பழனி மலைக்காரர்கள். அதனால் சமவெளி வாசகர்களுக்குச் சொல்லத் தேவைப்படாத ஒரு சங்கதியை இங்கே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது: ஸ்கூபா டைவிங் (முதுகில் காற்று சிலிண்டரோடு கடலுக்குள் இறங்குவது) முடித்து வீடு திரும்பும்போது நீங்கள் ஏறும் மலையும் கணக்கில் சேரும்.

கேள்வி: ஜனவரியில் குடும்பத்தோடு அந்தமான் போகிறோம். ஹேவ்லாக்கில் இரண்டு நாள் ஸ்கூபா. கடைசி டைவ் முடிந்த மறுநாள் அதிகாலையில் விமானம், அன்று இரவே வீடு. “12 மணி நேர இடைவெளி இருந்தால் போதும்” என்கிறார் ஏஜென்ட். சரிதானா? (வாசகர், ஊட்டி)

உங்களுக்குப் போதாது. 12 மணி நேரம் என்பது ஒரே ஒரு டைவ் செய்தவருக்கான குறைந்தபட்ச அளவு. ஒரே நாளில் இரண்டு மூன்று முறை இறங்கினாலோ, அடுத்தடுத்த நாட்களில் இறங்கினாலோ குறைந்தது 18 மணி நேரம் என்பது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டைவிங் பாதுகாப்பு அமைப்பு சொல்லும் வரையறை. குறைந்தபட்சம் என்ற சொல்லைக் கவனியுங்கள். நல்ல டைவ் கடைக்காரர்கள் பேச்சுவாக்கில் சொல்லும் கணக்கு 24 மணி நேரம். அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் இதுதான். ஆழத்தில் அழுத்தம் கூடிய காற்றைச் சுவாசிக்கிறோம். அதிலுள்ள நைட்ரஜன் வழக்கத்தைவிட அதிகமாக இரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைகிறது. கரையேறிய பிறகு மூச்சு வழியாக மெல்ல மெல்ல வெளியேறும், அவசரப்படுத்த முடியாது. அது வெளியேறி முடிவதற்குள் சுற்றியுள்ள அழுத்தம் இன்னும் குறைந்தால், கரைந்திருந்த வாயு உடம்புக்குள்ளேயே குமிழாகிவிடும். தோள், முழங்கை, முழங்கால் வலி, மரத்துப்போதல், தோலில் திட்டுத் திட்டாகத் தடிப்பு, தலைசுற்றல், காரணமில்லாத அசதி எல்லாம் அதன் அறிகுறிகள்.

விமானக் கேபினுக்குள் இருக்கும் அழுத்தம் பொதுவாக 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம். ஊட்டி இருப்பது 2,240 மீட்டரில், அதாவது ஏறக்குறைய 7,350 அடி. சென்னைக்காரர் இரண்டே கால் மணி நேரம் அந்த அழுத்தத்தில் உட்கார்ந்துவிட்டு மீனம்பாக்கத்தில் கடல் மட்டத்துக்கு இறங்கிவிடுவார். நீங்கள் கோவையில் இறங்கி, மேட்டுப்பாளையம் தாண்டி, மறுபடி அதே அழுத்தத்துக்கு ஏறி, அங்கேயே தூங்கி எழப் போகிறீர்கள். விமானம் வரைக்கும் கணக்குப் போட்டுவிட்டு வீட்டை மறந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

“நாங்கள் மலையில் பிறந்து வளர்ந்தவர்கள், உடம்பு பழகிவிட்டது” என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். பழக்கம் இதற்கு உதவாது. குறைந்த ஆக்சிஜனுக்குத்தான் உடம்பு பழகும். நைட்ரஜன் அழுத்தத்துக்கு ஏற்பக் கரையும், அழுத்தத்துக்கு ஏற்ப வெளியேறும். கடல் மட்டத்தில் ஒன்றிரண்டு நாள் தங்கிவிட்டாலே உங்கள் திசுக்களும் சென்னைக்காரரின் திசுக்களும் ஒன்றுதான்.

திட்டத்தை இப்படி மாற்றுங்கள். ஹேவ்லாக்கில் (இப்போது அதிகாரபூர்வப் பெயர் சுவராஜ் த்வீப்) கடைசி டைவ் வியாழன் காலை என்றால், அன்று 11 மணிக்குள் தண்ணீரைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். வெள்ளி காலைப் படகில் போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்). அன்று மாலை சிடியா டாப்புவில் பறவை பாருங்கள். விமானம் சனிக்கிழமை. படகு, விமானம் இரண்டையும் ஒரே நாளில் கோர்ப்பது வேறு ஒரு காரணத்துக்காகவும் ஆபத்து: காற்று கிளம்பினால் படகை ரத்து செய்துவிடுவார்கள். தனியார் கேட்டமரன் ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் கொண்டுவிடும் என்பது அமைதியான கடலுக்கு மட்டும் உள்ள கணக்கு.

இடையில் வரும் நாளில் தண்ணீரே கூடாது என்றில்லை. மேலே மிதந்தபடி ஸ்நார்கெல் (வாயில் குழாய் வைத்து மூச்சுவிட்டபடி நீருக்குள் பார்ப்பது) செய்யலாம், சிலிண்டர் காற்று இல்லை என்பதால் நைட்ரஜன் சேராது.

வீடு வந்த பிறகு தோளோ முட்டியோ வலித்தால், “பெட்டி தூக்கினது” என்று தைலம் தேய்த்துவிட்டுப் படுக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போய், “இத்தனை மணி நேரத்துக்கு முன் டைவ் செய்தேன், இத்தனை மீட்டர்” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மலையில் இருக்கும் மருத்துவருக்கு இந்த நோய் நினைவுக்கு வர வேண்டுமானால் நீங்கள் சொன்னால்தான் உண்டு. முதலுதவி ஆக்சிஜன்தான்.

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் சனி, ஞாயிறு ராமேஸ்வரம் போய் டைவ் செய்துவிட்டு ஞாயிறு இரவே கார் ஓட்டிக்கொண்டு கொடைக்கானல் திரும்பலாமா? விமானமே இல்லையே! (வாசகர், கொடைக்கானல்)

விமானம் இல்லை, ஆனால் கொடைக்கானல் 7,000 அடி. மேலே சொன்ன அத்தனையும் உங்களுக்கும் பொருந்தும். சொல்லப்போனால் உங்கள் திட்டம் அதைவிட மோசம், ஏனென்றால் ஆறேழு மணி நேரத்தில் மேலே போய்விடுவீர்கள். சனிக்கிழமை காலையில் டைவை முடித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு தனுஷ்கோடி, கரையோரப் பறவைகள். ஞாயிறு மாலை மலையேறினால் 24 மணி நேரம் தாண்டியிருக்கும். ஞாயிறு காலைதான் டைவ் கிடைத்தது என்றால் ஒரே டைவோடு நிறுத்தி, இரவு மதுரையில் தங்கி, திங்கள் காலை நன்றாக விடிந்த பிறகு வத்தலகுண்டு தாண்டுங்கள்.

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்டது, 21 தீவுகள் அதில் அடக்கம். அத்தீவுகளில் நினைத்தபடி கால் வைக்க முடியாது. தண்ணீரின் தெளிவு அந்தமானைவிடக் குறைவு என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். ஆவுளியா (கடற்பசு) பார்க்கலாம் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். பாக் விரிகுடாவில் 2022-ல் அதற்கென்றே காப்பகம் அறிவித்திருக்கிறார்கள் என்பது உண்மை. அங்கு மீனவர்கள் கண்ணிலேயே அரிதாகத்தான் படுகிறது.

கேள்வி: குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போதே எனக்குக் காது அடைத்துக்கொள்ளும். நான் டைவ் செய்ய முடியுமா? (வாசகி, குன்னூர்)

மலைக்காரர்களுக்கு இருக்கும் ஒரு நல்ல வசதி இது: காது பரிசோதனைக்கூடம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறங்கும்போது கூடும் காற்றழுத்தம், கடலில் ஏறக்குறைய 2 மீட்டர் இறங்கினால் கூடும் அழுத்தம். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டு காது சமாளிப்பதை, தண்ணீரில் அரை நிமிடத்துக்குள் சமாளிக்க வேண்டும். அதற்குப் பிறகும் 10 மீட்டர் வரை இறங்குவீர்கள்.

எல்லாம் நடுக்காதுக்கும் தொண்டைக்கும் இடையே உள்ள மெல்லிய குழாயைப் பொறுத்தது. எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ அது திறக்கும். கல்லாறு போய்ச் சேருவதற்குள் விழுங்கி விழுங்கிக் காது “டப்” என்று திறந்துவிடுகிறது என்றால் உங்களுக்குப் பிரச்சினை இல்லை, பயிற்சிதான் வேண்டும். கீழே போய் ஒரு நாளாகியும் அடைப்பு விடவில்லை, அல்லது வலிக்கிறது என்றால் பயணத்துக்கு முன்பே காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பாருங்கள். செவிப்பறையில் ஓட்டை, மூக்குத் தண்டு வளைவு, அடைத்த குறும்பி மூன்றையும் அவர் பார்த்துச் சொல்லிவிடுவார். பட்ஸ் போட்டுக் குடைந்து நீங்களே சுத்தம் செய்ய வேண்டாம். குறும்பியை உள்ளேதான் தள்ளுவீர்கள்.

கடலில் செய்ய வேண்டியது: மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மூக்கு வழியே மெதுவாக ஊதுங்கள். மெதுவாக. முக்கி ஊதினால் உள்காது சேதமாகும், அது சரியாவதும் கஷ்டம். முதல் தடவை தண்ணீருக்கு மேலேயே செய்யுங்கள். பிறகு அரை மீட்டருக்கு ஒரு தடவை. வலி வந்த பிறகு செய்வதில் பயனில்லை. அதற்குள் அழுத்தம் குழாயின் வாயை மூடிவிட்டிருக்கும். தலைகீழாக நீந்தி இறங்காமல், படகின் கயிற்றைப் பிடித்துக் கால் கீழாக இறங்குங்கள். ஒரு காது திறக்கவில்லையா, இன்ஸ்ட்ரக்டருக்குக் காதைக் காட்டிச் சைகை செய்து ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள். அப்போதும் முடியவில்லை என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். கட்டிய பணம் போச்சே என்று இறங்கியவர்கள்தான் செவிப்பறையில் இரத்தக்கட்டோடு திரும்புகிறார்கள்.

முதல் 5 மீட்டர்தான் கண்டம். மேற்பரப்பிலிருந்து 10 மீட்டருக்குள் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. அடுத்த 10 மீட்டரில் ஒன்றரை மடங்குதான். 6, 7 மீட்டரைச் சிரமமின்றித் தாண்டியவருக்குப் பிறகு பெரும்பாலும் தொந்தரவு இருக்காது.

சளி இருந்தால் இறங்கவே கூடாது. மூக்கடைப்பு மாத்திரை, சொட்டு மருந்து போட்டுக்கொண்டு இறங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மருந்தின் வேகம் கீழே இருக்கும்போது குறைந்தால், மேலே வரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் காது எதிர்ப்பக்கமாக அடைத்துக்கொள்ளும். இறங்க முடியாதவர் இறங்காமல் இருந்துவிடலாம். ஏற முடியாதவர் என்ன செய்வார்? டிசம்பர், ஜனவரி உறைபனியில் சளி பிடிக்காத வீடு மலையில் ஏது! ஆகவே டைவிங்கைப் பயணத்தின் முதல் நாளில் வைக்காதீர்கள். இரண்டு நாள் கடல் காற்று பட்ட பிறகு வையுங்கள்.

கேள்வி: எனக்கு 52 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். விடுவார்களா? (வாசகர், அரவங்காடு)

டைவ் கடையில் மருத்துவப் படிவம் தருவார்கள். 45 வயது தாண்டியவர்களுக்கு அதில் புகைப்பழக்கம், கொழுப்பு, இரத்த அழுத்தம், குடும்பத்தில் மாரடைப்பு என்று கூடுதல் கேள்விகள். ஒன்றுக்கு “ஆம்” என்றாலும் மருத்துவர் கையெழுத்து வேண்டும். இதை ஹேவ்லாக் போய்த் தேடாமல், உங்களை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, காது அறுவை சிகிச்சை எதையும் மறைக்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு டைவிங் கூடாது.

கேள்வி: ஏப்ரல், மே எங்களுக்கு சீசன், ஹோம் ஸ்டேயை விட்டு நகர முடியாது. ஜூலை, ஆகஸ்டில்தான் ஓய்வு. அந்தமானில் அப்போது மழை என்கிறார்கள். நுவரெலியாவில் எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். இலங்கையில் டைவிங், யானை இரண்டும் பார்க்க முடியுமா? (வாசகி, கூடலூர்)

உங்களுக்கென்றே அமைந்த மாதங்கள் அவை. அந்தமானில் நல்ல பருவம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கடல் கலங்கி, படகுகள் நின்று நின்று ஓடும். இலங்கையிலோ தீவின் இரு பக்கத்துக்கும் இரண்டு பருவம். தெற்கும் மேற்கும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. கிழக்கு மே முதல் செப்டம்பர் வரை. தேவாலாவிலும் பந்தலூரிலும் மழை கொட்டிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் திருகோணமலைக் கடல் அமைதியாக இருக்கும். நடுவில் நிற்கும் மலை மழையைத் தடுத்துவிடுவதால் வரும் லாபம் இது.

திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளி. அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் கடலுக்குள் புறாத்தீவு, 2003 முதல் தேசியப் பூங்கா. ஸ்நார்கெல் போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரைத் தாண்டினாலே, முதுகுத் துடுப்பின் நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் கரையோரமாகச் சுற்றும். ஆளைக் கண்டால் ஒதுங்கிப் போகும் இனம். காலை முதல் படகில் போங்கள். வெயில் ஏறிய பிறகு கூட்டம் பவளத்தின்மேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும், பார்க்க வயிறு எரியும். திருகோணமலை, மட்டக்களப்பு எங்கும் தமிழ் பேசித்தான் டைவ் கடையிலும் பேரம் நடக்கும் என்பது கூடுதல் நிம்மதி. பாதுகாப்பு விளக்கத்தைத் தாய்மொழியில் கேட்பதற்கு ஈடு இல்லை. மட்டக்களப்பில் 1942-ல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. 50 மீட்டருக்கும் கீழே. பொழுதுபோக்கு டைவர்களின் எல்லை 40 மீட்டர். அது உங்களுக்கு இல்லை.

யானைக்கு மின்னேரியா தேசியப் பூங்கா. மழை குறைந்து குளம் சுருங்கும் ஜூலை முதல் செப்டம்பர் வரை, வெளியே தெரியவரும் புல்லைத் தேடி யானைகள் நூற்றுக்கணக்கில் கூடும். ஜீப் பக்கத்து ஊரான ஹபரணையில் கிடைக்கும். பிற்பகல் 3 மணிக்கு மேல் போங்கள். மின்னேரியாவிலும் பக்கத்துக் கவுடுல்லாவிலுமாக மந்தைகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே முன்பதிவில் ஒரு பூங்காவின் பெயரை இறுக்கிப் பிடிக்காமல், “இன்றைக்கு எங்கே?” என்று ஹபரணையில் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இனி நுவரெலியா. அது 1,868 மீட்டர், உங்கள் குன்னூர் உயரம். திருகோணமலையில் காலையில் டைவ் செய்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குச் சித்தப்பா வீடு என்று கிளம்பிவிடாதீர்கள். டைவ் முடிந்த அன்று ஹபரணைக்கு வந்து தங்குங்கள், தாழ்ந்த சமவெளிதான். மறுநாள் மாலை யானை. அதற்கு மறுநாள் கண்டி வழியாக மலையேறுங்கள். நைட்ரஜனும் கழியும், நாளும் வீணாகாது. இந்தத் தடத்தில் யானையைக் கடைசியில் வைக்காமல் முதலில் பார்த்துவிட்டு டைவிங் போகிறவர்கள் அதிகம். சமவெளியிலேயே தங்கிக் கொழும்பு வழியே திரும்புகிறவர்களுக்கு அது சரி, உங்களுக்குச் சரிவராது.

கேள்வி: டைவிங்கில் எனக்கு ஆர்வமில்லை, வீட்டில் இருப்பவர்களுக்காகப் போகிறேன். நான் பறவை பார்ப்பவன். அந்தமானில் நீலகிரியில் இல்லாதது என்ன கிடைக்கும்? (வாசகர், கோத்தகிரி)

அவர்களைப் படகில் அனுப்பிவிட்டு நீங்கள் கொண்டாடலாம். உலகில் வேறெங்கும் இல்லாத பறவைகள் அங்கே ஒரு டஜனுக்கும் மேல். முழுக் கறுப்பில் சிவப்பு உச்சியோடு அந்தமான் மரங்கொத்தி, அந்தமான் பாம்புக் கழுகு, அந்தமான் கரிச்சான், அந்தமான் வால்காக்கை, தவிட்டு நிறச் செம்போத்து, அந்தமான் மரப்புறா என்று பட்டியல் நீளும். ஆந்தைகள் தனிக் கச்சேரி.

இடத்தைவிட முக்கியம் நேரம். தீவுகள் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருந்தும் கடிகாரம் நம்முடையதுதான். டிசம்பர், ஜனவரியில் காலை ஐந்தரை சுமாருக்கு விடிந்து, மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். ஊட்டிப் பழக்கத்தில் ஏழு மணிக்கு டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் பாதிப் பறவை போய்விட்டிருக்கும். நான்கரைக்கு வண்டி ஏற்பாடு செய்யுங்கள்.

போர்ட் பிளேரிலிருந்து தெற்கே 25 கிலோமீட்டர் தள்ளிச் சிடியா டாப்பு. மரங்கொத்தியும் கரிச்சானும் சாலையோர மரங்களிலேயே வரும். சூரியன் மறைவதைப் பார்க்க வந்த கூட்டம் கலைந்த பிறகு அரை மணி நேரம் காத்திருந்தால் ஆந்தைகள் கூப்பிடத் தொடங்கும். செல்போனில் குரல் ஒலிபரப்பி இழுக்காதீர்கள். எல்லைக்காகப் போராடும் பறவையை ஒரே இடத்தில் தினமும் ஏமாற்றினால் அது இடத்தையே விட்டுவிடும். கிளுவைக்கு (சிறு வாத்து இனம்) சிப்பிகாட்: 2004 சுனாமியின்போது தெற்கு அந்தமான் நிலம் தாழ்ந்து, வயல்களுக்குள் கடல் புகுந்து உருவான சதுப்பு. கண்ணைச் சுற்றி வெள்ளையடித்த அந்தமான் கிளுவை அங்கே கூட்டமாக இருக்கும்.

நார்கொண்டம் இருவாட்சி வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அது அந்த ஒரே தீவில் மட்டும்; சுற்றுலாப் பயணிக்கு எட்டாது. நிக்கோபார் தீவுகளும் அப்படியே.

பாலூட்டிகளை எதிர்பார்க்க வேண்டாம். சிறுத்தை இல்லை, புலி இல்லை, அந்தமான் காட்டில் குரங்குகூட இல்லை. புள்ளிமான் இருக்கிறது, ஆனால் அது பிரிட்டிஷ்காரர்கள் கொண்டுவந்து விட்டது. முதுமலையில் புலியும் செந்நாயும் மானைக் கட்டுக்குள் வைக்கின்றன. அந்தமானில் அப்படி வேட்டை விலங்கு இல்லாததால் மான் பெருகி, மரக்கன்றுகளை முளைக்கவிடாமல் மேய்ந்து காட்டையே மாற்றிக்கொண்டிருக்கிறது. முதுமலையில் மானைக் கண்டு மகிழ்கிற நாம் அங்கே அதைக் கண்டு கவலைப்பட வேண்டியிருக்கிறது.

மழை நாட்களில் அட்டை உண்டு. அதைப் பற்றிக் கோத்தகிரிக்காரருக்கு நாங்கள் என்ன சொல்ல!

கேள்வி: மலையில் வாழ்வதால் நுரையீரல் பலமாக இருக்கும், ஒரு சிலிண்டர் அதிக நேரம் வரும் என்கிறான் நண்பன். உண்மையா? (கல்லூரி மாணவர், ஊட்டி)

இல்லை. காற்று எவ்வளவு நேரம் வரும் என்பது ஆழமும் பதற்றமும் சேர்ந்து முடிவு செய்வது. 11 லிட்டர் சிலிண்டர் 200 பார் அழுத்தத்தில் நிரம்பியிருந்தால் 2,200 லிட்டர் காற்று. 50 பார் மிச்சம் வைத்து மேலே வர வேண்டும், ஆகச் செலவுக்கு 1,650 லிட்டர். புதியவர் தரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், 10 மீட்டரில் அழுத்தம் இரு மடங்கு என்பதால் 40 லிட்டர். 41 நிமிடம் வரும். 20 மீட்டரில் 60 லிட்டர், 27 நிமிடம். 30 மீட்டரில் 20 நிமிடம் சொச்சம். பதற்றத்தில் மூச்சு வாங்கினால் இதில் பாதி.

சீக்கிரம் காற்று தீர்பவர்களைப் பார்த்தால் பெரும்பாலும் எடைப்பட்டையில் ஈயம் அதிகம் இருக்கும். மூழ்காமல் இருக்க மிதவைச் சட்டையில் காற்று நிரப்புவதும், மிதந்துவிட்டால் விடுவதும், காலை உதைப்பதுமாகப் போய்விடும். முதல் டைவுக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்: மிதவைச் சட்டையின் காற்றை முழுதும் விட்டு, மூச்சை இழுத்துப் பிடித்து அசையாமல் நின்றால் தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். அதற்குமேல் சுமார் 2 கிலோ சேருங்கள். கடைசியில் சிலிண்டர் காலியாகும்போது அதிலிருந்த காற்றின் எடை அவ்வளவு குறைந்திருக்கும்.

தண்ணீருக்கு மேலே சோதனைக்காக மட்டும்தான் மூச்சைப் பிடிப்பது. கீழே ஒருபோதும் கூடாது, குறிப்பாக மேலே வரும்போது. 10 மீட்டரில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று மேற்பரப்பில் இரு மடங்காக விரியும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதீர்கள். 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள்.

கேள்வி: நீச்சல் தெரியாது. பையனுக்கு 9 வயது. எங்களால் முடியுமா? (வாசகி, கொடைக்கானல்)

ஒருநாள் அறிமுக டைவுக்கு நீச்சல் கட்டாயமில்லை. இன்ஸ்ட்ரக்டர் கையைப் பிடித்தே கூட்டிப்போவார், அதிகபட்சம் 12 மீட்டர். ஹேவ்லாக்கில் இதற்கு நீமோ ரீஃப் என்ற கரையோர இடம், கோமாளி மீன்களுக்குப் பேர்போனது. ஓர் இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். ஒருவருக்கு ஒருவர் என்றால் மட்டும் சரி சொல்லுங்கள். பையனுக்கு 10 வயது ஆகட்டும். அதுவரை லைஃப் ஜாக்கெட்டோடு ஸ்நார்கெல்.

ஓப்பன் வாட்டர் என்ற முதல்நிலை டைவர் சான்றிதழ் வேண்டுமென்றால் நீச்சல் அவசியம்: 200 மீட்டர் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும். மூன்று நான்கு நாள் படிப்பு, கடலில் நான்கு டைவ், 18 மீட்டர் வரை அனுமதி. ஜானிஸ் கார்ஜ், டிக்ஸன்ஸ் பினக்கிள் என்று பெயர்பெற்ற இடங்கள் எல்லாம் அதற்கும் கீழே, நீரோட்டமும் உண்டு. 30 மீட்டருக்கான அடுத்த சான்றிதழ் கேட்பார்கள்.

கேள்வி: குளிர் எங்களுக்குப் பழக்கம். வெட்சூட் (டைவிங்குக்கான ரப்பர் உடை) தேவையா? (வாசகர், ஊட்டி)

தேவை. தண்ணீர் 28, 29 டிகிரி இருந்தாலும் காற்றைவிட 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். முக்கால் மணி நேரத்தில் பல் தந்தியடிக்கும். 3 மில்லிமீட்டர் தடிமன் போதும். சொறிமீனிலிருந்தும் பவளக் கீறலிலிருந்தும் காப்பாற்றும்.

உங்களுக்கு உண்மையான எதிரி வெயிலும் புழுக்கமும். வியர்த்துப் பழக்கமில்லாத உடம்பு, தண்ணீர் குடிக்கும் பழக்கமும் குறைவு. நீர்ச்சத்து குறைந்த உடம்பில் நைட்ரஜன் குமிழ் வரும் வாய்ப்பு கூடும்.

கேள்வி: அந்தமானில் என்னென்ன செய்தால் போலீஸ் பிடிக்கும்? வெளிப்படையாகச் சொல்லுங்கள். (வாசகர், குன்னூர்)

பவளத் துண்டு, செத்து வெளுத்ததாக இருந்தாலும், கடற்குதிரை, கடல் அட்டை எதையும் எடுக்காதீர்கள். பவளம் புலிக்கு இணையாக வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. விமான நிலைய ஸ்கேனரில் நன்றாகத் தெரியும். சிப்பிப் பொருள் வாங்கினால் உரிமம் உள்ள கடையில் பில்லோடு. சுண்ணாம்புக் குகை இருக்கும் பாராடாங் தீவுக்குப் போகும் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்துக்குள் போகிறது. ஜிர்க்கடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளைச் சேர்த்து வரிசையாகத்தான் அனுப்புவார்கள். நிறுத்துவது, படம் எடுப்பது, தின்பண்டம் நீட்டுவது எல்லாமே சிறைத் தண்டனைக்குரிய குற்றம். எங்கள் கருத்து: அந்தக் குகைக்காக அந்தச் சாலையில் போகாமலே இருக்கலாம். வண்டூர் கடல்சார் பூங்காப் படகில் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அனுமதி இல்லை, எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

போலீஸ் பிடிக்காவிட்டாலும் முதலை பிடிக்கும். அலையாத்தி ஓடைகள் கடலில் சேரும் இடங்களில் உவர்நீர் முதலை உண்டு. 2010-ல் ஹேவ்லாக்கில் ஸ்நார்கெல் செய்துகொண்டிருந்த ஒரு பயணியை முதலை கொன்றது. எச்சரிக்கைப் பலகை இருக்கும் கடற்கரையில் கால்கூட நனைக்காதீர்கள். பலகை இல்லாத இடத்திலும் அந்தி, விடியலில் இறங்காதீர்கள்.

கேள்வி: கண்ணாடி போடுபவள். மாஸ்க் எப்படி? படகில் வாந்தி வருமா? (வாசகி, கோத்தகிரி)

தண்ணீருக்குள் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதால் லேசான கிட்டப்பார்வைக்குச் சாதா மாஸ்க்கே போதும். பவர் கூட என்றால் பவர் மாஸ்க் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள், அல்லது சாஃப்ட் லென்ஸ் போடலாம். புது மாஸ்க் வாங்கினால் கண்ணாடியின் உட்புறத்தைப் பற்பசை போட்டு இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவுங்கள். தொழிற்சாலைப் படலம் போனால்தான் பனி படராது.

வாந்திக்கு மலைப்பாதையில் நீங்கள் போடும் அதே அவோமின்தான். அது தூக்கம் தரும் மருந்து. டைவ் செய்யும் நாளில் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், போட்டிருந்தால் இன்ஸ்ட்ரக்டரிடம் சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், இரண்டு இட்லி போதும். படகின் நடுவில், டீசல் புகை வராத பக்கமாக உட்கார்ந்து, தூரத்து நிலத்தைப் பாருங்கள். செல்போனைப் பையில் வைத்துவிடுங்கள்.